1.56 வோல்ட்

ஆம்ப்ளிஃபையரின் கண்ணாடி ட்யூப் ஒன்று சிவந்ததை முதலில் கவனித்தது நான் இல்லை, மாமா. பேத்தியோடு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஊரிலிருந்து நியூஜெர்சி வந்திருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன், கூடத்தில் வயலின் ஓடிக்கொண்டிருந்தது, புதிதாக வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபையருக்குப் புத்தகத்தில் சொன்னபடியே பயாஸ் வைத்து முடித்த பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை. "மாப்ள, இதுல ஒரு வால்வு சிவக்குது. அணைங்க மொதல்ல" என்றார். உள்ளே ஃபிலமெண்ட் எரிவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "அது அப்படித்தான் மாமா எரியும்" என்றேன். "எரியறது வேற, சிவக்கிறது வேற. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தால், ஸ்பீக்கரை ஓட்டுகிற நான்கு பவர் ட்யூபில் ஒன்றின் சாம்பல் நிறத் தகட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு, இஸ்திரிப் பெட்டிக் கரி அணையும்போது இருக்குமே, அந்த மங்கல் சிவப்பு. கூடத்து விளக்கு எரிந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. பாய்ந்து அணைத்தேன். டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது தனிக்கதை.

ஆம்ப்ளிஃபையர் டைனகோ ஸ்டீரியோ 70. 1959இல் பிலடெல்பியாவில் டேவிட் ஹாஃப்லரின் கம்பெனி கொண்டுவந்தது. பெட்டியில் பாகங்களாக வரும், வாங்குபவரே வீட்டில் உட்கார்ந்து சால்டர் வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம், அந்த நாளில் சுமார் 100 டாலர். சேனலுக்கு 35 வாட். அமெரிக்க வீடுகளில் இது லட்சக்கணக்கில் இருந்ததால் இன்றைக்கும் கராஜ் சேல்களில் கிடைக்கிறது. எனக்கு 350 டாலருக்குக் கிடைத்தது. யாரோ ஒரு மனிதர் அறுபது வருடத்துக்கு முன் தன் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சேர்த்த பொருள் என்பதுதான் இதன் அழகும் ஆபத்தும். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒவ்வொருவர் கை தெரியும். என்னுடையதைச் சேர்த்தவருக்கு ஈயத்தில் கஞ்சத்தனமே கிடையாது.

பயாஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு மட்டும் நாலு வரி. பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போதும் பவர் ட்யூப் வழியே ஒரு அளவு கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ட்யூபுக்குள் இருக்கும் கிரிட் என்ற கம்பி வலைக்கு மைனஸ் வோல்டேஜ் கொடுத்துத்தான் அதைக் கட்டுப்படுத்துகிறோம், மைனஸ் கூடினால் கரண்ட் குறையும். கரண்ட் அதிகமாக ஓடினால் தகடு சூடேறி ட்யூப் சாகும், பார்த்திருக்காவிட்டால் ட்ரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். குறைவாக ஓடினால், ஒலி அலையின் பாதியை ஒரு ட்யூபும் மீதியை இன்னொரு ட்யூபும் சுமக்கிற இந்த மாதிரி சர்க்யூட்டில், சுமை கைமாறும் இடத்தில் பிசிறு விழும். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கும்போதுதான் அந்தப் பிசிறு அதிகம் தெரியும்.

மாமா இளவயதில் திருமங்கலம் பக்கம் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தவர். திருவிழாவுக்கு மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி விடிய விடிய வால்வு ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த ஆள். (ஊரில் எல்லாருக்கும் அது வால்வு, இங்கே ட்யூப். நான் இரண்டையும் கலந்துதான் பேசுகிறேன்.) நான் பயாஸ் திருகுவதைப் பார்த்து, "நாங்க இதெல்லாம் திருகினதே இல்லையே மாப்ள" என்றார். அவர் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் காரணம் புரிந்தது. வால்வுக்கு அடியில் மொத்தமாக ஒரு ரெசிஸ்டர் எப்போதும் சூடாக, பாதி கருகிக் கிடக்குமாம். அது கேத்தோடு ரெசிஸ்டர், ட்யூபில் ஓடும் கரண்ட் முழுவதும் கடக்கிற கேத்தோடு என்ற முனையில் மாட்டியிருப்பது. கரண்ட் கூடினால் அந்த ரெசிஸ்டரில் வோல்டேஜ் கூடும், அதனால் கிரிட் மேலும் மைனஸ் ஆகி, கரண்ட் தானே கீழே இறங்கும். அந்த வகைக்குத் திருகே தேவையில்லை. கிரிட்டுக்குத் தனி சப்ளையிலிருந்து மைனஸ் கொடுக்கிற வகைக்கு ஃபிக்ஸ்ட் பயாஸ் என்று பெயர். பெயரில்தான் ஃபிக்ஸ்ட், நாம் உட்கார்ந்து திருகித் திருகி வைக்க வேண்டியது இதைத்தான். யார் பெயர் வைத்தார்களோ.

சரி, சிவந்த கதைக்கு வருகிறேன். ஸ்டீரியோ 70இல் சேனலுக்கு இரண்டு இஎல்34 ட்யூப். இரண்டின் கேத்தோடும் ஒரே ஒரு 15.6 ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு, அதாவது சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் பக்கத்துக்குப் போகும். அதன் மேல் 1.56 வோல்ட் வருகிற மாதிரி திருகினால் இரண்டு ட்யூபுக்கும் சேர்த்து 100 மில்லி ஆம்பியர், தலைக்கு 50. இந்த விசித்திரமான 1.56 எங்கிருந்து வந்தது என்றால், புது டார்ச் செல் ஒன்றின் வோல்டேஜ் அந்தக் காலத்தில் அதுதான். வீட்டில் நல்ல மீட்டர் இல்லாதவர்கள் புது செல் ஒன்றை அளந்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே இடத்துக்கு பயாஸைத் திருகிவிடலாம். கெட்டிக்கார யோசனை. எனக்கு அது படிக்கும்போதே பிடித்துப்போய், அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இரண்டு சேனலிலும் 1.56 கொண்டுவந்தேன். அரை மணி நேரத்தில் ஒன்று சிவந்தது.

சிவந்த உடனே மீட்டர் என்ன காட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மறுநாள் மாமாவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு மீண்டும் போட்டு அளந்தேன். வலது சேனலில் 1.6. அவ்வளவுதான். மீட்டரைப் பொறுத்தவரை எல்லாம் சுகம்.

அப்புறம்தான் அந்த ரெசிஸ்டரையே அளக்க வேண்டும் என்று தோன்றியது. ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஆறவிட்டு, கண்டென்சர்களில் தேங்கி நிற்கும் மின்சாரத்தைக் காலி செய்துவிட்டு ஓம் பார்த்தால், இடது பக்கம் 15.7, வலது பக்கம் 18.1. முன்பு எப்போதோ அந்தப் பக்கம் ஒரு ட்யூப் ஷார்ட் ஆகி ரெசிஸ்டர் வெந்திருக்க வேண்டும், அதன் மேல் பெயிண்ட் பழுப்பேறிக் கிடந்தது. அப்படியானால் வலது பக்கம் 1.6 வோல்ட்டுக்கு 88 மில்லி ஆம்பியர்தான் ஓடியிருக்கிறது, நூறு கூட இல்லை. குறைவாக ஓடுகிற பக்கத்தில் ஒரு ட்யூப் சிவப்பானேன்?

இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற மூட்டையின் மொத்த எடையைத்தான் மீட்டர் சொல்கிறது, யார் தோளில் எவ்வளவு என்று அது சொல்லவே இல்லை. ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்க, அணைத்துவிட்டு ஒரு ட்யூபைக் கழற்றி, இன்னொன்றை மட்டும் வைத்து, போட்டு, சூடான உடனே அளந்து, உடனே அணைத்தேன். பிறகு மாற்றி வைத்து அதே மாதிரி. ஒன்று 1.2 வோல்ட், மற்றது 0.4. அதாவது ஒருவர் 66 மில்லி ஆம்பியர், அடுத்தவர் 22. தகட்டில் 450 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, அதை 66ஆல் பெருக்கினால் 30 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இஎல்34இன் தகடு தாங்குவது 25 வாட். சிவக்காமல் என்ன செய்யும்?

ட்யூப் கெட்டதா, சாக்கெட் பக்கம் ஏதாவது கெட்டதா என்று பிரிக்க ஒரு எளிய வழி உண்டு, இதை மாமாதான் சொன்னார், நான் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது. இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். நோவு ட்யூபோடு போனால் ட்யூப், இடத்திலேயே நின்றால் இடம். மாற்றிப் போட்டதும் இடத்திலேயே நின்றது. நல்ல ட்யூப் என்று நினைத்திருந்தது இப்போது அந்த சாக்கெட்டில் சூடேறியது.

அடுத்து பவர் ட்யூப் நான்கையும் கழற்றி வைத்துவிட்டு, மற்றதை எல்லாம் வைத்து, போட்டு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஐந்தாம் காலில், அதாவது கிரிட்டில், வோல்டேஜ் பார்த்தேன். ஒரு சேனலில் இரண்டு கிரிட்டும் ஒரே திருகிலிருந்து வருவதால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இடது பக்கம் இரண்டும் மைனஸ் 36. வலது பக்கம் ஒன்று மைனஸ் 40, நம் சாக்கெட் மைனஸ் 33. அந்த ஏழு வோல்ட்டைத் தின்றது யார் என்றால், முன் ட்யூபிலிருந்து ஒலியை மட்டும் கடத்திவிட்டு டிசியைத் தடுத்து நிறுத்த வேண்டிய 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர். அறுபது வருடத்தில் கசிய ஆரம்பித்திருக்கிறது, சூடானால் இன்னும் கொஞ்சம் கூடக் கசியும். அதுதான் முதல் பத்து நிமிடம் ஒழுங்காக இருந்து அரை மணியில் சிவப்பு. நானோ மொத்தக் கணக்கு 1.56 வரட்டும் என்று திருகியபோது, ஏற்கெனவே எரிகிறவனை இன்னும் எரியவிட்டு, குளிர்ந்து கிடந்தவனை அப்படியே விட்டு, கூட்டுத்தொகையைச் சரிக்கட்டியிருக்கிறேன்.

இதனால் நான் சொல்வது, பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் பயாஸ் திருகில் கை வைப்பதற்கு முன்னால் பவர் ட்யூப்களைக் கழற்றி கிரிட் வோல்டேஜைப் பாருங்கள். திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகச் சுற்றி, மைனஸ் சீராக ஏறி இறங்குகிறதா, நடுவில் எங்காவது துள்ளுகிறதா என்று பார்க்கலாம். துள்ளினால் திருகுக்குள் அழுக்கு, அணைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும், அதற்கும் சரியாகவில்லையென்றால் மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினால் மைனஸ் கூடுகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அந்தக் கோடியில் வைத்துவிட்டு ட்யூபைச் செருகினால் முதல் தடவை போடும்போது நெஞ்சு படபடக்காது.

ஒலிக் கண்டென்சர் நான்கையும் மாற்றினேன். பயாஸ் சப்ளையில் இருந்த இரண்டு எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களையும், ஏசியை டிசியாக்குகிற அந்தக் காலத்து செலினியம் ரெக்டிஃபையரையும் அதே கையோடு எடுத்தேன், ஏனென்றால் அவை செத்தால் மைனஸ் மொத்தமாகப் போய் நான்கு ட்யூபும் ஒன்றாகச் சிவக்கும். செலினியத்துக்குப் பதில் 1என்4007 டையோடு, நம் ஊர்க் கணக்கில் ஒரு டீ விலை கூட ஆகாது. அதில் வோல்டேஜ் இழப்பு குறைவு என்பதால் மைனஸ் சில வோல்ட் கூடியது, திருகின் எல்லைக்குள்தான் இருந்தது.

இங்கேதான் ஒரு கோமாளித்தனம் செய்தேன். எலக்ட்ரோலிட்டிக்கில் மைனஸ் கால் தரைக்குப் போக வேண்டும் என்று கைக்குப் பழகிவிட்டது. பயாஸ் சப்ளையோ மைனஸ் சப்ளை, அங்கே பிளஸ் கால்தான் தரைக்கு. இரண்டையும் தலைகீழாகச் சால்டர் வைத்துவிட்டு, நல்லவேளை ட்யூப் செருகாமல் அளந்தேன். மைனஸ் 12 காட்டி, பார்க்கப் பார்க்க இறங்கிக்கொண்டிருந்தது. அணைத்துத் தொட்டால் கண்டென்சர் வெதுவெதுப்பு. ட்யூபோடு போட்டிருந்தால் நாலும் காலி. பிரிப்பதற்கு முன் போனில் எடுத்த படத்தில் பழைய கண்டென்சரின் பிளஸ் தெளிவாகத் தெரிகிறது, படம் எடுத்தவனும் நான்தான், பார்க்காதவனும் நான்தான். தலைகீழாகச் சூடேறிய கண்டென்சரைத் திருப்பி வைத்துப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

மற்றபடி பெரிய மாற்றம் அந்தப் பொது ரெசிஸ்டரைத் தூக்கியது. ஒவ்வொரு ட்யூபின் எட்டாம் காலுக்கும், அதாவது கேத்தோடுக்கும், தரைக்கும் நடுவே தனித்தனியாக 10 ஓம், ஒரு சதவீதத் துல்லியம். இப்போது 0.4 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர், ஆளுக்கு ஆள் தனிக்கணக்கு. திருகு இன்னும் சேனலுக்கு ஒன்றுதான் என்பதால் ஜோடி பொருந்திய ட்யூப் வாங்க வேண்டியிருந்தது, ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, நான்கு. பழைய நான்கும் மூன்று வேறு வேறு கம்பெனி, அதில் ஒரு சுகமும் இல்லை.

புத்தகத்தில் 50 மில்லி ஆம்பியர் இருக்கும்போது ஏன் 40 வைத்தேன் என்று கேட்கலாம். புத்தகம் எழுதியபோது சுவரில் 117 வோல்ட் என்று கணக்கு. என் வீட்டில் அளந்தால் 123. ஐந்து சதவீதம் கூட, அதனால் தகட்டிலும் கூடி 455க்கு மேல் வருகிறது. அதில் 50 ஓட்டினால் 23 வாட், 25 தாங்குகிற ட்யூபுக்கு. அந்தக் காலத்து ட்யூப் அதைத் தாங்கியது என்பார்கள், இப்போது வருகிறவற்றை நான் அவ்வளவு நம்பமாட்டேன். 40இல் 18 வாட் சொச்சம். அதிலும் கேத்தோடில் அளப்பது தகடும், ஸ்கிரீன் என்ற இன்னொரு வலையும் சேர்ந்த கரண்ட் என்பதால் தகட்டின் பங்கு இன்னும் கொஞ்சம் கம்மி. ஆசைக்கு ஒரு ராத்திரி 25 வரை இறக்கிக் கேட்டேன். மெதுவாக வைத்தால் வயலினின் ஓரம் கரகரத்தது, சளி பிடித்த மாதிரி. 35க்கு மேல் அது போய்விட்டது. 40க்கும் 50க்கும் என் காதில் வித்தியாசம் தெரியவில்லை. தெரிகிறது என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கணக்குதான். 230இலிருந்து இறக்கிக் கொடுக்கிற ஸ்டெப்-டவுன் 110 தருகிறதா 125 தருகிறதா என்று அதை வைத்தே, ஆம்ப்ளிஃபையர் ஓடும்போதே அளந்து, பயாஸை அங்கேயே புதிதாக வையுங்கள். இங்கே வைத்தது அங்கே செல்லாது.

வைக்கும் முறையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஸ்பீக்கர் மாட்டாமல் போடவே கூடாது, இல்லாவிட்டால் 8 ஓம் பவர் ரெசிஸ்டர். மீட்டர் கம்பியை ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கும்போதே முதலைக் கிளிப்பால் மாட்டிவிடுங்கள். எரியும்போது கையால் பிடித்து அளந்தால் ஒருநாள் வழுக்கும், எட்டாம் காலுக்குப் பக்கத்துக் கால் ஒன்றும் ஆகாது, மூன்றாம் காலில் நானூறு சொச்சம் வோல்ட் காத்திருக்கிறது. அணைத்த பிறகும் கண்டென்சரில் அது நிற்கும், 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே விரல். ஸ்க்ரூடிரைவரால் பட்டென்று ஷார்ட் அடித்து இறக்குவதை மாமா எனக்குச் செய்து காட்ட வந்தார், நான் கும்பிட்டுத் தடுத்தேன். ஆனால் எரியும்போது இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான், அதில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

முதல் தடவை போட நம் ஊர் எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சீரியஸ் பல்பைவிட நல்லது ஒன்றுமில்லை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகக் கட்டிப் போட்டால், பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் நின்றால் எங்கோ ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. அமெரிக்காவில் 2023 ஆகஸ்டிலிருந்து சாதாரண குண்டு பல்பு விற்பனையை நிறுத்திவிட்டார்கள், பக்கத்து வீட்டு பேஸ்மெண்டில் கெஞ்சி வாங்கினேன். ஒன்று, பல்பு சீரியஸில் இருக்கும்போது பயாஸ் வைக்காதீர்கள். வோல்டேஜ் இறங்கியிருக்கும், பல்பைக் கழற்றியதும் எல்லாம் ஏறும்.

திருகும்போது அவசரம் கூடாது. இதிலுள்ள ரெக்டிஃபையர் ட்யூப், ஜிஇசட்34, தானே நிதானமாகத்தான் சூடேறும். 30இல் வைத்துவிட்டு இருபது நிமிடம் விட்டேன், பிறகு 40. ஒரு சேனலை ஏற்றினால் பொது சப்ளை கொஞ்சம் இறங்கி மற்ற சேனலும் நகர்கிறது, அதனால் இடது, வலது, மறுபடி இடது என்று இரண்டு மூன்று சுற்று. முடித்துவிட்டு விளக்கை அணைத்து இருட்டில் பத்து நிமிடம் நான்கு தகட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம், நானும் மாமாவும். ஃபிலமெண்டின் ஆரஞ்சு மட்டும்தான். ஒரு ட்யூபில் கண்ணாடியின் உட்பக்கம் நீலமாக ஏதோ மினுங்கியது, நான் பதறினேன், "அது நல்ல வால்வுலயும் வரும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். சரியாகத்தான் சொன்னார், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நீலம் கெடுதல் இல்லை, தகட்டுக்கு நடுவில் ஊதாப் புகைபோலப் பரவினால்தான் உள்ளே காற்றுப் புகுந்த ட்யூப்.

ஆம்ப்ளிஃபையரின் அடித்தகட்டில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். தேதி, சுவர் வோல்டேஜ், நான்கு எண்கள். முதல் நாள் 40, 41, 40, 39. ஒரு வாரத்தில் 42, 42, 40, 41, கொஞ்சம் இறக்கினேன். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. வலது பக்கம் பின்னால் இருப்பது மட்டும் மற்றவர்களைவிட இப்போதெல்லாம் ஒன்றிரண்டு கூட ஓடுகிறது, அந்தப் பழைய சாக்கெட்தான், கிரிட்டை இரண்டு தடவை அளந்துவிட்டேன், கசிவு இல்லை. மாமா ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் பேத்தியை விசாரித்து முடித்ததும் கேட்பார், "அந்த நாலாவது வால்வு?" நாற்பத்திரண்டு மாமா என்பேன்.